இடது காதில் இரண்டு சொட்டு

குழந்தையை நன்றாகத் தூங்க வைத்துக் கொண்டு வாருங்கள் என்று அவர்கள் மட்டும் சொல்லாமல் இருந்திருந்தால், அன்றைக்கு நான் எண்ணெயைக் காய்ச்சியே இருக்க மாட்டேன். பழியை அடுத்தவர் தலையில் போடுவது எனக்குக் கைவந்த வேலை. இதையும் முதலில் அங்கேதான் போட்டுப் பார்த்தேன். நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டு என் காலடிக்கே வந்து சேர்ந்தது.

என் மகளுக்கு முதல் பிரசவம். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. பிள்ளை பெற என் வீட்டுக்கு வந்திருந்தாள். பெண் குழந்தை. நாற்பத்தைந்தாம் நாள் ஊசி போடப் போன இடத்தில், குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று ஒரு சோதனை எடுத்துவிடுங்கள், வேங்கிக்கால் ஆஸ்பத்திரியில் எடுக்கிறார்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் பெற்ற மூன்றுக்கும் யாரும் காதைச் சோதித்துப் பார்க்கவில்லை. மூன்றுக்கும் காது நன்றாகக் கேட்கும். நான் சொன்னால்தான் கேட்காது.

போன் போட்டு நேரம் கேட்டபோது, குழந்தை அசையாமல் தூங்கினால்தான் மெஷின் வேலை செய்யும் என்றார்கள். குழந்தையைத் தூங்க வைப்பது என் இலாகா. தாழ்ந்த பலகையில் உட்கார்ந்து, காலை நீட்டி, முழங்காலுக்குக் கீழே குழந்தையைப் படுக்க வைத்து, தலை முதல் பாதம் வரை நல்லெண்ணெய் தேய்த்து, பயத்தமாவு போட்டு வெந்நீர் ஊற்றினால், அந்தக் குழந்தை மூன்று மணி நேரத்துக்கு அடித்துப் போட்ட மாதிரி தூங்கும். இடி விழுந்தாலும் எழுந்திருக்காது.

மகள் எனக்குச் சட்டதிட்டம் போட்டிருந்தாள். எல்லாம் செல்போனில் பார்த்தது. மூக்கில் எண்ணெய் விடக் கூடாது, காதில் விடக் கூடாது, வாயால் ஊதக் கூடாது, கண்ணுக்கு மை கூடாது, சாம்பிராணிப் புகை கூடவே கூடாது. எல்லாவற்றுக்கும் சரி என்றேன். சரி என்று சொல்வதற்கு வாய் வலிக்கவா போகிறது.

சோதனைக்குப் போகிற அன்று காலையில் முதல் பஸ்ஸுக்கே கீழ்பென்னாத்தூரிலிருந்து சம்பந்தியம்மா வந்துவிட்டார். மாப்பிள்ளையின் அம்மா. வரும்போதே ஒரு பை வேர்க்கடலையும் இரண்டு பை புத்திமதியும் கொண்டுவருகிறவர். நான் வெந்நீர் கொண்டுவரப் போன நேரத்தில் குழந்தையை மடியில் போட்டுக் கொஞ்சிக்கொண்டிருந்தார். நான் பலகையில் உட்கார்ந்ததும் குழந்தையை என் கால்மேல் கொடுத்துவிட்டுக் காபி குடிக்கப் போனார்.

எண்ணெய்க் கிண்ணம் பக்கத்தில் இருந்தது. குழந்தை ஒருக்களித்துக் கிடந்தது. இடது காது மேலே. சத்தியமாகச் சொல்கிறேன், நான் யோசிக்கவே இல்லை. மூன்று பிள்ளைகளுக்கு, அப்புறம் தெருவில் யார் யார் குழந்தைகளுக்கெல்லாமோ செய்து பழகிய கை. அது பாட்டுக்கு விரலை நனைத்து இரண்டு சொட்டு விட்டது. மறுபக்கம் திருப்பி வலது காதுக்கும் விடலாம் என்று விரலைத் தூக்கினேன். மகள் துண்டோடு வந்து நின்றாள். விரல் அப்படியே காதைத் தாண்டிப் போய் உச்சந்தலையைத் தேய்த்தது. எனக்குத் தெரியாத நடிப்பா. குழந்தை மட்டும் என்னை உற்றுப் பார்த்தது. நல்லவேளை, சாட்சி சொல்லத் தெரியாத வயது.

ஆட்டோவில் போகும்போதே குழந்தை தூங்கிவிட்டது. பார்த்தாயா என் கைராசியை என்று இரண்டு தடவை சொன்னேன்.

சோதனை அறை சின்னது. கதவு கனம். சுவரெல்லாம் மெத்தை மாதிரி எதையோ ஒட்டியிருந்தார்கள். சோதனை எடுக்கிற பெண்ணுக்கு என் மகள் வயசுதான் இருக்கும். கையில் செல்போன் அளவில் ஒரு மெஷின். அதிலிருந்து ஒரு ஒயர், ஒயர் நுனியில் குட்டிக் காளான் மாதிரி ஒரு ரப்பர். அதைக் குழந்தையின் காதில் மெதுவாக வைத்து, யாரும் மூச்சு விடக்கூடாது என்கிற மாதிரி பார்த்தாள். எங்கள் வீட்டு மாடியில் ஒரு வெள்ளைக்காரம்மா குடியிருக்கிறார். மௌன விரதம் என்று பேசாமல் இருப்பதற்காகவே கடல் தாண்டி வந்தவர். மாதக் கணக்கில் வாயைத் திறக்க மாட்டார். எனக்கு அந்த மூன்று நிமிஷமே மூன்று மாதமாக இருந்தது.

வலது காது சட்டென்று முடிந்துவிட்டது. இடது காதில்தான் ரப்பரை எடுத்தாள், மாற்றினாள், மறுபடியும் வைத்தாள். குழந்தையின் தலையைக் கொஞ்சம் திருப்பிப் பார்த்தாள். பிறகு மெஷினைக் கீழே வைத்துவிட்டு என் மகளிடம் மெதுவாகப் பேசினாள்.

"வலது காது ஓகே. இடது காதுல இருந்து பதில் வரலைங்க. இத வெச்சு எதுவும் முடிவு பண்ணிட முடியாது. பத்து நாள் கழிச்சு இன்னொரு தடவ பாத்துடலாம்."

தூங்குகிற குழந்தை எப்படிப் பதில் சொல்லும் என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. மகளின் முகத்தைப் பார்த்தேன். கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சம்பந்தியம்மா ஆரம்பித்தார். கர்ப்பமாக இருந்தபோது என் மகள் கடைசி மாதம் வரைக்கும் வேலை பார்த்தாள். நாள் முழுக்க ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஆபீஸில் யார் யாரோடோ பேசிக்கொண்டிருப்பாள். அதைத்தான் பிடித்துக்கொண்டார்.

"அப்பவே சொன்னேன். எந்நேரமும் அத காதுல மாட்டிக்கினே கீறயேன்னு. அந்த சத்தமெல்லாம் வயித்துல கீற புள்ளைக்குப் போவாதா? எங்க வம்சத்துல யாருக்கும் இந்த மாரி இல்லம்மா."

என் மகள் வாயுள்ள பெண். என் வயிற்றில் பிறந்தவள் வேறு எப்படி இருப்பாள். ஆனால் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. ஹெட்செட்டுக்கும் குழந்தையின் காதுக்கும் சம்பந்தம் இல்லை என்று படித்தவளுக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்திருக்கும். தெரிந்தது ஒன்றும் அன்றைக்கு உதவவில்லை. எழுந்து போய் அந்த ஹெட்செட்டை எடுத்து, ஒயரைச் சுருட்டி, துணிப்பெட்டிக்கு அடியில் போட்டு மூடினாள். 

அதற்கப்புறம் வீடே சோதனை அறையாகிவிட்டது. மகள் குழந்தையின் இடது பக்கத்தில் விரலைச் சொடுக்குவாள். சம்பந்தியம்மா இருந்த இரண்டு நாளும் தட்டை எடுத்துக் கரண்டியால் தட்டினார். குழந்தை தூக்கிவாரிப் போட்டு அழும். அடித்த அடியில் பக்கத்துத் தெருக் குழந்தையும் அழுதிருக்கும். ஆனால் எந்தக் காதால் கேட்டது? வலது காதால் கேட்டிருந்தால்? வலது காதைக் கையால் பொத்திக்கொண்டு இடது காதருகே மகள் குசுகுசுவென்று பேசுவாள். என்ன பேசினாள் என்று எனக்குக் கேட்காது. பேசிவிட்டுக் குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். மாப்பிள்ளை தினமும் சென்னையிலிருந்து போனில் தைரியம் சொல்லுவார். போனை வைத்ததும் அவள் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள். தண்ணீர்ச் சத்தத்தில் எனக்குக் கேட்காது என்று நினைப்பு.

எனக்கு எண்ணெய் நினைவு வராமல் இருக்குமா? மெஷினை இரண்டாம் தடவை வைத்தபோதே வந்துவிட்டது. சொல்லியிருக்கலாம். சொன்னால் குழந்தையைத் தொட விடமாட்டாள் என்று பயம். அது சின்னப் பயம். பெரிய பயம் வேறே இருந்தது. எண்ணெய் காரணமாக இல்லாமல் போனால்? என் இரண்டு சொட்டு எண்ணெயை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். அண்ணாமலையாரே, நான்தான் குற்றவாளியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அப்படியொரு வேண்டுதலை அவர் அதற்கு முன் கேட்டிருக்க மாட்டார்.

வேங்கிக்காலில்தான் கலெக்டர் ஆபீஸும் இருக்கிறது, திங்கட்கிழமை அங்கே மனு வாங்குவார்கள். பக்கத்து வீட்டம்மா பட்டாவுக்கு மனு கொடுக்கப் போகிறார், துணைக்குப் போகிறேன் என்று மகளிடம் பொய் சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோ ஏறி நேராகச் சோதனை அறைக்குப் போனேன். அந்தச் சோதனை எடுக்கிற பெண் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தாள். சாப்பிடு கண்ணு, சாப்பிட்டுக்கொண்டே கேள் என்று எதிரில் உட்கார்ந்தேன்.

"ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். ஒரு வீட்ல ஒரு கிழவி கொழந்த காதுல எண்ண ஊத்திட்டான்னு வெச்சிக்கயேன்."

"எந்தக் கிழவி?"

"எங்க பக்கத்து வூட்டுக் கிழவி."

"எத்தன சொட்டு?"

"ரெண்டே ரெண்டு."

"அந்தப் பக்கத்து வீட்டுக் கிழவி இப்ப எங்க இருக்காங்க?"

அவள் சிரிக்கவில்லை. அதனால் என்னாலும் சிரிக்க முடியவில்லை. "உன் எதுர்லதான் குந்தினு இருக்கறா" என்றேன்.

டிபன் பாக்ஸை மூடிவிட்டு, அலமாரியிலிருந்து பிளாஸ்டிக் காது ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பாதிப் பலாப்பழம் பெரிசு. பலாப்பழம் மாதிரியே பிளந்து உள்ளே காட்டினாள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் கடலைக்கொல்லையில். ஆனால் அவள் சொன்னது எனக்குப் புரிந்தது.

நாம் தோடு போட்டுக்கொள்கிறோமே, அது வெறும் வாசல்தானாம். சத்தத்தைக் கூப்பிட்டு உள்ளே அனுப்புகிற வேலை. உள்ளே ஒரு குறுகலான சந்து. சந்து முடிகிற இடத்தில் மெல்லிய தோல் ஒன்று, ஊறுகாய் ஜாடிக்குத் துணி கட்டின மாதிரி இழுத்துக் கட்டியிருக்கிறது. சத்தம் வந்து மோதினால் அது அதிரும். அதற்குப் பின்னால் மூன்று எலும்பு, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு. உடம்பிலேயே சின்ன எலும்பு அதுதானாம், கடைசியில் இருப்பது. அரிசி நொய் அளவுதான். ஒன்று அசைந்தால் அடுத்தது அசையும், அது அடுத்ததை அசைக்கும். எங்கள் தெருவில் சேதி பரவுகிற மாதிரி. என்ன வித்தியாசம், இங்கே சேதி மாறாமல் போகுமாம்.

மூன்றாவது எலும்பு போய்த் தட்டுகிற இடத்தில் ஒரு நத்தை. நிஜ நத்தை இல்லை, நத்தைக் கூடு மாதிரி இரண்டரைச் சுற்று சுற்றின எலும்பு. உள்ளே தண்ணீர். தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாத முடி வரிசை வரிசையாக. எலும்பு தட்டியதும் தண்ணீர் அலம்பும், காற்றில் நெல் சாய்கிற மாதிரி முடியெல்லாம் சாயும். அந்தச் சாய்வைத்தான் நரம்பு வாங்கிக்கொண்டு போய் மூளையிடம் கொடுக்கிறதாம். கீச்சுக் குரலுக்கு நத்தையின் வாசலில் இருக்கிற முடி, கட்டைக் குரலுக்கு உள்ளே கடைசியில் இருக்கிற முடி. ஒருமுறை போனால் அந்த முடி திரும்ப முளைக்காது என்றாள். வீட்டுக்குப் போனதும் அந்தத் தட்டையும் கரண்டியையும் பரண்மேல் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

தூங்குகிற குழந்தை எப்படிப் பதில் சொல்லும் என்று அப்போதுதான் கேட்டேன்.

குழந்தை சொல்லாது, அந்த முடி இருக்கிற இடம்தான் பதில் சொல்லும் என்றாள். சத்தம் வந்ததும் அது சும்மா சாய்வதில்லையாம். தானும் துள்ளுமாம். துள்ளுகிறபோது அதிலிருந்தே ஒரு குட்டிச் சத்தம் கிளம்பி, வந்த வழியே, எலும்பு, தோல், சந்து என்று வெளியே வரும். நமக்குக் கேட்காது. மெஷினுக்குக் கேட்கும். எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது. இத்தனை வருஷம் இரண்டு காதை வைத்திருக்கிறேன். காது கேட்டுக்கொண்டு மட்டும்தான் இருக்கிறது, பேசுவதெல்லாம் நான்தான் என்று நினைத்திருந்தேன். அதுவும் என்னை மாதிரியே எதிர்ப்பேச்சு பேசுகிற சாதி.

குழந்தையின் சந்து ரொம்பக் குறுகல், அதில் எண்ணெய் நின்றால் போகிற சத்தமும் குறைந்துபோகும், வருகிற பதிலும் அடைபட்டுப்போகும் என்றாள்.

"அப்ப எண்ணதானே காரணம்?"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம், ஆயா. டாக்டர் பாத்து காதை சுத்தம் பண்ணணும். அப்புறம் டெஸ்ட் எடுத்தாதான் தெரியும். வீட்ல சொல்லிடுங்க. டாக்டர்கிட்ட மறைச்சிடாதீங்க."

இனிமேல் யார் காதிலும் எண்ணெய் விடாதீர்கள், காது தன் அழுக்கைத் தானே வெளியே தள்ளிவிடும் என்றும் சொன்னாள். படுத்தபடி பால் கொடுத்தாலும் தொண்டையிலிருந்து காதுக்குப் போகிற குழாய் வழியாகச் சீழ் பிடிக்கலாமாம். தலையைத் தூக்கிப் பிடித்துக் கொடுக்கச் சொன்னாள். எல்லாவற்றுக்கும் சரி என்றேன். இந்தத் தடவை வாய் வலித்தது.

அடுத்த வாரம் மறுசோதனை. அதற்கு மூன்று நாள் முன்பு சம்பந்தியம்மா மறுபடியும் வந்திருந்தார். மகள் குழந்தையின் தலையைத் தாங்கிப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் எதிரிலேயே சொன்னேன். முதலில் ஒரு வேடிக்கைப் பேச்சு போட்டு ஆரம்பிக்கலாம் என்று யோசித்து வைத்திருந்தேன். வாயில் வரவில்லை. எண்ணெய், இடது காது, இரண்டு சொட்டு. அவ்வளவுதான் வந்தது.

சம்பந்தியம்மா குதித்தார். படித்த பெண், காதில் விடாதே என்று அவள் சொல்லியும் இப்படிச் செய்யலாமா, கொஞ்சமாவது பயம் இருக்கிறதா என்று ஏகத்துக்கும் பேசினார். ஹெட்செட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மகள் குழந்தை வாயைத் துடைத்தாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எத்தினி நாளா இது தெரியும் உனக்கு?"

"அன்னைக்கே."

"நான் அழுததெல்லாம் பாத்துக்கினுதானே இருந்த?"

எண்ணெயை அவள் மன்னித்திருப்பாள். குழாயைத் திறந்துவிட்டு அழுதாளே, அதை எப்படி மன்னிப்பாள். எண்ணெய் காரணமாக இல்லாவிட்டால் என்ன செய்வது என்று பயந்தேன் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் குழந்தையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மூன்று நாள் என்னிடம் பேசவில்லை. சாப்பிடு என்றால் சாப்பிட்டாள். குழந்தையை அவளே குளிப்பாட்டினாள்.  நான் கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன், வாயைத் திறக்கவில்லை. மாடி வெள்ளைக்காரம்மாவுக்கே என்னைப் பார்த்துப் பொறாமை வந்திருக்கும்.

மறுசோதனை அன்று முதலில் காது டாக்டர் பார்த்தார். குழாய் மாதிரி ஒன்றை வைத்து லைட் அடித்துப் பார்த்தவர், எண்ணெயும் தோல் அழுக்கும் சேர்ந்து சந்தில் பசை மாதிரி ஒட்டியிருக்கிறது என்றார். பஞ்சும் மெல்லிய குழாயும் வைத்து எடுத்தார். அவர் எடுத்ததை நான் எட்டிப் பார்த்தேன். மஞ்சளாக, கடுகளவு. உள்ளே தோல் எப்படி இருக்கிறது என்று மகள் கேட்டாள். நன்றாக இருக்கிறது, ஆனால் நத்தையை லைட் அடித்துப் பார்க்க முடியாது, மெஷின்தான் சொல்ல வேண்டும் என்றார். அதனால் அந்தக் கடுகளவைப் பார்த்தும் யாருக்கும் நிம்மதி வரவில்லை. குழந்தை அழுது, பால் குடித்து, தூங்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

சோதனை அறைக்குள் எங்கள் இரண்டு பேரையும் விடவில்லை. என் வளையல் சத்தம் போடுகிறதாம், சம்பந்தியம்மா தொண்டையைக் கனைக்கிறாராம். கதவைச் சாத்திவிட்டார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு என் பக்கம் நகர்ந்தார்.

"சம்பந்தி, நீங்க ஊத்துனது எந்தக் காது?"

"எடதுதான். எத்தினி தடவ சொல்றது?"

"அன்னைக்குக் காலைல நீங்க வெந்நி எடுத்தாரப் போனீங்க இல்ல?"

"ஆமா."

"கிண்ணம் பக்கத்துலதான் இருந்துச்சு. கொழந்த எடது காது மேல இருக்கறாப்ல மடியில படுத்துனு இருந்துது. நானும் ரெண்டு சொட்டு வுட்டேன்."

நான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டும் இரண்டும் நாலு சொட்டு. அந்தச் சின்னக் காதில் அப்பளமே பொரித்திருக்கலாம். அன்றைக்கு ஹெட்செட், வம்சம் என்று பேசிய வாய். என்னைப் போட்டு அந்தக் குதி குதித்த கால். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் வயிற்றில் இருந்த அதே கல் அவர் வயிற்றிலும் இருந்திருக்கிறது. நான் மெதுவாக உருட்டினேன், அவர் சத்தமாக உருட்டினார்.

"நான் சொல்ல மாட்டேன்" என்றேன். "ஆனா உள்ள குந்தினு இருக்கறாளே, அவ இன்னும் அந்த ஹெட்செட்டதான் நெனச்சிக்கினு இருக்கறா."

 அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். விரலெல்லாம் சில்லென்று இருந்தது. மூடின கதவையே இரண்டு பேரும் பார்த்தோம். சந்தில் இப்போது எண்ணெய் இல்லை. இனிமேல் பிடித்துக்கொள்ள எனக்கும் ஒன்றும் இல்லை. அந்த நத்தை பேசினால்தான் உண்டு.

கதவு திறந்தது. மகள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். எங்கள் முன்னால் நின்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"பதில் வந்துடுச்சிம்மா. ரெண்டு காதுலயும்."

 சம்பந்தியம்மா எழுந்து நின்றார். கோயிலில் தீபாராதனைக்கு நிற்கிற மாதிரி நேராக நின்றுகொண்டு, அந்த வராண்டாவில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"ஹெட்செட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. உங்க அம்மா ரெண்டு சொட்டு, நான் ரெண்டு சொட்டு. உன்னப் போயி சொல்லிட்டேம்மா. எம்மேலதான் தப்பு."

மகள் அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் அவரைப் பார்த்தாள். உதடு துடித்தது. அழப் போகிறாள் என்று நான் எழுந்தேன். அவள் சிரித்துவிட்டாள். முதலில் மூக்கால், அப்புறம் வாயைத் திறந்து, அப்புறம் அடக்க முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தாள். டோக்கனோடு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தச் சத்தத்தில் தோளில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை தூக்கிவாரிப் போட்டு விழித்து, வீறிட்டு அழ ஆரம்பித்தது.

எந்தக் காதில் விழுந்தது என்று யாரும் கேட்கவில்லை.